மாட்டிலிருந்து வந்த சொல்

ஜனவரி 1

இந்த டைரியை மாமா கொடுத்தார். அவருக்கு உரக்கடையில் கொடுத்தார்களாம். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு பயிருக்கு எப்போது என்ன உரம் வைக்க வேண்டும் என்று அச்சிட்டிருக்கிறது. இன்றைக்குத் திராட்சை.

முதல் பக்கத்தில் விதி எழுதி வைக்கிறேன். நடந்ததை எழுதுவேன். நினைத்ததை எழுத மாட்டேன். நினைப்பு தப்பாக இருக்கலாம். நடந்தது தப்பாக இருக்காது.

நான் தமயந்தி, பத்தாம் வகுப்பு. அப்பா மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்து ஏலத்தோட்டத்தில் வேலை பார்க்கிறார். மாதத்துக்கு ஒருமுறை வருவார். வீட்டில் அம்மாவும் நானும்தான். அம்மாவின் அண்ணன் சுருளிவேல் மாமா அடுத்த தெருவில் இருக்கிறார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, மூன்று வேளையும் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. என் படிப்புச் செலவு அவருடையது. போன மாதம் மதுரையிலிருந்து ஓர் ஆங்கில அகராதி வாங்கி வந்தார். ஒவ்வொரு சொல்லும் எங்கே பிறந்தது என்று கூடப் போட்டிருக்கும் பெரிய அகராதி. எங்கள் பள்ளிக்கூட நூலகத்திலேயே அப்படி ஒன்று இல்லை.

"என்ன புரபசரம்மா, தூக்க முடியுதா? இல்ல ரெண்டு ஆளு விடவா?" என்று கேட்டார்.

மாமா எங்கள் ஊர்த் தொழுவத்தின் செயலாளர். மாட்டுப்பொங்கல் அன்று யார் வீட்டில் கன்று பிறந்தாலும் அது சாமி கன்று. தாயிடம் பால் குடிக்கிறவரை வீட்டில் வைத்திருந்து பிறகு தொழுவத்துக்கு விட்டுவிட வேண்டும். அந்த மாடுகளை ஏரில் பூட்டுவதில்லை, மூக்குக் குத்துவதில்லை, விற்பதில்லை. கிழடாகிச் சாகும்வரை ஊரே தீனி போடும். கன்றைக் கொடுக்கிறவர்கள் அது பிறந்த அன்றே தொழுவத்து வாசலுக்குக் கொண்டுவந்து, "மூக்குக் குத்த மாட்டீகளே?" என்று கேட்பார்கள். செயலாளர், "குத்த மாட்டோம், பூட்ட மாட்டோம், விக்க மாட்டோம்" என்று சத்தமாகச் சொல்வார். மாமாவின் குரல் வாய்க்கால் தாண்டிக் கேட்கும்.

ஜனவரி 2

பள்ளி திறந்தது. ஜெசிந்தா டீச்சர் ஆங்கிலச் செய்தித்தாளை வகுப்பில் சுற்றுக்கு விட்டு, ஆளுக்கு ஒரு தெரியாத சொல்லை எடுக்கச் சொன்னார். பொங்கல் விடுமுறைக்கு முன் பிரேயரில் அதன் பொருளையும் பிறந்த கதையையும் சொல்ல வேண்டும். ஏதோ ஒரு சங்கத்து அதிகாரியைப் பற்றிய செய்தியில் எனக்குப் 'பெக்குலேஷன்' கிடைத்தது.

பக்கத்தில் இருந்த பேச்சி எட்டிப் பார்த்தாள். "அச்சுல ஒரு எழுத்து விழுந்து போச்சுடி. ஸ்பெகுலேஷன்னு இருக்கணும்."

"விழல. இது வேற சொல்லு."

"எங்க விழுந்துச்சுன்னு குனிஞ்சு தேடு" என்றாள். டீச்சர் இருவரையும் நிற்க வைத்தார்.

பேச்சி எடுத்த சொல் 'கேண்டிடேட்'. அவளிடம் அகராதி இல்லை. என்னுடையதில் பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

ஜனவரி 3

அகராதியில் பார்த்தேன். பெக்குலேஷன்: நம்பி ஒப்படைத்த பொதுச் சொத்தைத் தன்னுடையதாக ஆக்கிக்கொள்வது. கையாடல்.

வழிப்பறியும் இல்லை, கன்னம் வைப்பதும் இல்லை. சாவி நம் கையில்தான் இருக்கும். ஊரே பார்த்துக் கொடுத்த சாவி.

இது லத்தீனிலிருந்து வந்த சொல். அங்கே 'பெக்கூலியும்' என்றால் ஒருவனுக்குச் சொந்தமான சொத்து. வீட்டுத் தலைவன் தன் மகனுக்கோ அடிமைக்கோ, "இதை நீ வைத்துக்கொள்" என்று விடுகிற சிறு சொத்துக்கும் அதே பெயர். அதற்கும் முன்னால் போனால் 'பெக்குஸ்'. பெக்குஸ் என்றால் மாடு!

அடுப்படிக்கு ஓடி அம்மாவிடம் சொன்னேன். "பணம் வர்றதுக்கு முன்னாடி அவுகளுக்கு மாடுதான்ம்மா சொத்து. நம்ம பழந்தமிழ்லயும் மாடுன்னா செல்வம்னு தமிழய்யா சொல்லியிருக்காரு. ரெண்டு ஊரும் பேசி வச்ச மாதிரி இல்ல?"

"பேசி வச்சாகளோ என்னமோ. மோரை எடுத்து வெளியில வை. உங்க மாமா வர்ற நேரம்."

மாமா சாப்பிடும்போது அவரிடமும் சொன்னேன். "ஆக மொத்தம் முதல் கையாடலே மாட்டுலதான் ஆரம்பிச்சிருக்கு மாமா."

மாமா சிரித்தார். மறுசோறு வாங்கவில்லை.

ஜனவரி 4

பேச்சியின் அப்பா ஒச்சப்பன் மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டார். அவர்தான் தொழுவத்து மாடுகளைப் பார்த்துக்கொள்கிறவர். ஆடி மாதம் பஸ் ஏறும்போது விழுந்து தொடை எலும்பு முறிந்தது. உள்ளே கம்பி வைத்திருக்கிறார்கள். அவர் இல்லாத நாட்களில் மாமா வேறு ஓர் ஆளை வெளியூரிலிருந்து கொண்டுவந்து வைத்தார்.

நேற்று மாலை ஒச்சப்பன் கட்டையை ஊன்றிக்கொண்டு தொழுவத்து வேலிக்கு வெளியே நின்று மாடுகளைக் கூப்பிட்டாராம். எப்போதும் அவர் கூப்பிட்டால் எல்லாம் தலை தூக்கும். நேற்றுப் பாதி கூடத் தூக்கவில்லை. உள்ளே போகப் பார்த்திருக்கிறார். புது ஆள் விடவில்லை. உடனே டீக்கடைக்கு வந்து, "இதுக என் மாடுக இல்ல. யாரோ மாத்தியிருக்காக" என்று சொல்லிவிட்டார்.

அம்மா சொன்னது: டீக்கடையில் ஒருவர், "ஆறு மாசம் ஆஸ்பத்திரியில கெடந்துட்டு வந்தா பொண்டாட்டியே திரும்பிப் பாக்க மாட்டா. மாடு பாக்குமா?" என்றாராம். கடை முழுக்கச் சிரிப்பு.

ஜனவரி 5

தொழுவக் கமிட்டி கூடியது. தலைவர் காமாட்சிநாதன் வேலிக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார, மாமா மாடுகளை ஓட்டிவிட்டு எண்ணிக் காட்டினார். முப்பத்துச் சொச்சம் தலை. ஒன்று குறையவில்லை.

தீர்ப்பு: தொழுவத்தின் மேல் அபாண்டம் சொன்ன ஒச்சப்பன் மாட்டுப்பொங்கல் அன்று ஊர் கூடிய இடத்தில் விழுந்து மன்னிப்புக் கேட்க வேண்டும். இல்லையென்றால் அன்றைக்கே அவர் குடியிருக்கும் தொழுவத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

பேச்சி இன்று வகுப்பில் பேசவே இல்லை. மதியம் என் பக்கத்தில் உட்காராமல் வேப்பமரத்தடியில் போய்ச் சாப்பிட்டாள். நான் செயலாளர் வீட்டுப் பெண்.

ஜனவரி 6

மாமா ஒரு கட்டுச் சிவப்புத் துணி கொண்டுவந்தார். இந்த மாட்டுப்பொங்கலுக்கு எல்லா மாட்டுக்கும் முகப்பட்டை கட்ட வேண்டுமாம். நெற்றியில் ஆரம்பித்து மூக்குவரை தொங்க வேண்டும். காற்றில் தூக்காமல் இருக்கத் தாடைக்குக் கீழே நாடா வைத்துக் கட்ட வேண்டும்.

"புதுசா இருக்கே. நெத்திக்கு மட்டும் போதாதாண்ணே?" என்றாள் அம்மா.

"மூக்கு வரைக்கும் வரணும்த்தா. பாக்கப் பாந்தமா இருக்கும்."

"மாடு மூச்சு விட வேணாமா?"

"மூச்செல்லாம் விடும். நீ தையி."

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் நான்கு பட்டை வெட்டினோம். சோழி தைப்பது என் வேலை. ஊசி குத்தியதில் சொல்லத்தக்க இரத்தம் வந்தது. எழுதி வைக்கிறேன், நடந்தது அல்லவா.

ஜனவரி 7

மாமா கொடுத்த அளவு எனக்குத் திருப்தியாக இல்லை. எல்லா மாட்டுக்கும் ஒரே முகமா இருக்கும்? பள்ளி விட்டதும் நூல்கண்டை எடுத்துக்கொண்டு தொழுவத்துக்குப் போனேன். புது ஆள் வாசலில் பீடி குடித்துக்கொண்டிருந்தார்.

"யாரையும் உள்ள விடக் கூடாதுன்னு உத்தரவு."

"உத்தரவு போட்டவரோட மருமக நான். பட்டைக்கு அளவெடுக்கணும். பட்டை பத்தலைன்னா உங்களைத்தான் கேப்பாரு."

விட்டுவிட்டார்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்ற ஒரு வெள்ளை மாட்டின் முகத்தில் நூலை வைத்தேன். சாதுவான மாடு. நான் கை வைத்ததும் தானாகத் தலையைத் தாழ்த்தியது, யாரோ கயிற்றைப் பிடித்து இழுத்தது போல. இரண்டு மூக்குத்துளைக்கும் நடுவில் ஓர் ஓட்டை இருந்தது. என் சுண்டுவிரல் போகும். ஓரமெல்லாம் காய்த்துப் போயிருந்தது. பிடரியில் முடி இல்லாமல் வழவழவென்று ஒரு தழும்பு.

அடுத்ததில் பார்த்தேன். அடுத்ததில் பார்த்தேன்.

தொலைவில் ஒரு செவலைப் பசு என்னைக் கிட்டவே விடவில்லை. அதன் மூக்கு முழுசாக இருந்தது.

வெளியே வரும்போது புது ஆள், "அளவு கிடைச்சிருச்சா?" என்று கேட்டார். கிடைத்துவிட்டது என்றேன்.

ஜனவரி 8

கணக்குத் தேர்வு. சுமார்.

ஜனவரி 9

தைத்துக்கொண்டிருக்கும்போது அம்மாவிடம் கேட்டேன். "மாட்டுக்கு மூக்குல தானா ஓட்டை விழுமா? ஈ கடிச்சு, புண்ணு வந்து?"

"தானா எப்பிடி விழும்? கன்னுக்குட்டியிலயே பிடிச்சுக் குத்தி, கயிறு போட்டு வச்சாத்தான் ஓட்டை நிக்கும்."

"பிடரியில தழும்பு?"

"அது நுகத்தடி அழுத்துனது. ஏர்ல வண்டியில பூட்டுன மாட்டுக்கு இருக்கும். ஏன் கேக்குற?"

"தொழுவத்துல பாத்தேன்."

அம்மாவின் ஊசி துணியில் பாதி இறங்கி நின்றது. கொஞ்சம் கழித்து முழுதும் இறங்கியது.

"சந்தையில அடிமாடா போற கிழட்டு மாட்டுக்குத்தான் அந்த ரெண்டும் சேர்ந்து இருக்கும்" என்றாள், என்னைப் பார்க்காமல். பிறகு, "நீ பாக்கல. உனக்கு மாட்டைப் பத்தி என்ன தெரியும்? படிக்கிற பிள்ள, படி. உங்க மாமா இல்லைன்னா இந்நேரம் நீ யாரு தோட்டத்துலயோ களை எடுத்துக்கிட்டு இருப்ப."

படித்தேன். உயிரியல், ஏழாம் பாடம். என்ன படித்தேன் என்று கேட்டால் தெரியாது.

மாமா வந்தார். புது மோட்டார் சைக்கிளை வாசலில் ஏற்றி நிறுத்தினார். பட்டைகளை எடுத்துப் பார்த்து, "அடடா, மாட்டுக்குக் கல்யாணமே பண்ணிரலாம் போலயே" என்றார். எனக்கு வேர்க்கடலை மிட்டாய் வாங்கி வந்திருந்தார். தின்றேன்.

ஜனவரி 11

பிரேயரில் பேசினேன். பெக்கூலியும், பெக்குஸ், மாடு எல்லாம் சொன்னேன். அதே வேரிலிருந்து பிறந்த இன்னொரு சொல் 'பெக்குலியர்' என்றும் சொன்னேன். இப்போது விசித்திரம் என்று பொருள். முதலில் 'தனக்கே உரியது' என்றுதான் பொருள். எல்லாருக்கும் உரியதை ஒருவர் தனக்கே உரியதாக்குவதுதான் பெக்குலேஷன் என்று முடித்தேன். கை தட்டினார்கள்.

ஜெசிந்தா டீச்சர், "வெரி குட். நம்ம ஊர்ல இருந்து ஒரு உதாரணம் சொல்லி முடி" என்றார்.

பேச்சி மூன்றாவது வரிசையில் நின்றாள். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நம்ம ஊர்ல அப்படி ஒண்ணும் இல்ல டீச்சர்" என்றேன்.

ஜனவரி 12

பேச்சியை வாய்க்கால் பாலத்தில் மறித்தேன். முதலில் என்னைச் சுற்றிக்கொண்டு போகப் பார்த்தாள். சைக்கிளைக் குறுக்கே போட்டேன்.

"உங்கப்பா விழுவாரா?"

"அவரு எங்க விழுறது? கம்பி வச்ச காலு மடங்கவே மடங்காது. மடங்குனாலும் விழமாட்டாரு." மூக்கை உறிஞ்சினாள். "சட்டி பானையெல்லாம் கட்டியாச்சு. சித்தப்பா ஊருக்குப் போறோம். அங்க பள்ளிக்கூடமே கிடையாது. பரீட்சையெல்லாம் அவ்வளவுதான். நீ நல்லா எழுது."

"ஹால் டிக்கெட்டு இங்கதான வரும்?"

"வரும். நீயே வச்சுக்க. பெக்குலேஷன் பண்ணிக்க."

இதைச் சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். பிறகு அழுதாள். நான் சைக்கிளை எடுத்து வழிவிட்டேன்.

ஜனவரி 13

ஒச்சப்பன் ஏன் மூக்கைப் பார்க்கவில்லை என்று யோசித்தேன். அவரை உள்ளே விடவே இல்லை. கமிட்டிக்காரர்கள் நாற்காலியிலிருந்து தலையை எண்ணினார்கள். கிட்டே போய்ப் பார்த்தது நான் மட்டும்.

இது நினைப்பு. விதியை மீறி எழுதிவிட்டேன். கோடு போட்டு அடிக்கவில்லை.

ஜனவரி 14

பொங்கல். பால் கிழக்கே பொங்கியது. அப்பாவுக்கு விடுப்பு கிடைக்கவில்லை.

மதியம் மீதிப் பட்டைகளுக்கெல்லாம் நாடா தைத்தேன். முன்னால் தைத்தவற்றையும் பிரித்துத் திரும்பத் தைத்தேன். அரிசிச் சாக்கின் வாயைத் தைக்கிற தையல் போட்டேன். சங்கிலி போல ஒன்றுக்குள் ஒன்று கோத்துப் போகும். எவ்வளவு அசைத்தாலும் விடாது. ஆனால் நுனியை அவிழ்த்து இழுத்தால் கடைசிவரை பிரிந்துவிடும். நுனிநூலை வலது காதுப் பக்கம் வரும்படி விட்டேன்.

அம்மா ஒரு பட்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். அவள் கற்றுக்கொடுத்த தையல். நுனியை விரலால் தடவினாள். மடித்து மற்றவற்றோடு வைத்தாள்.

பிறகு அடுப்படியிலிருந்து, "எண்ணெய் தேச்சு விடவா? தலை காய்ஞ்சு கெடக்கு" என்றாள்.

ஜனவரி 15

மாட்டுப்பொங்கல். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

காலை தொழுவத்து வாசலில் ஊரே இருந்தது. புது ஆள் மாடுகளை வேலிக்குள் வரிசையாகக் கழுத்துக்கயிற்றில் கட்டியிருந்தார். எல்லா முகத்திலும் சிவப்புப் பட்டை, சோழி. "சுருளிவேலு இந்த வருசம் அசத்திட்டாருய்யா" என்று ஒருவர் சொன்னது என் காதில் விழுந்தது.

ஒச்சப்பன் கட்டையை ஊன்றி ஓரமாக நின்றார். பேச்சி அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவர்கள் பின்னால் ஒரு மாட்டு வண்டியில் பாத்திர மூட்டை.

முதலில் கன்று. காமாயி என்கிற அக்கா, ஒற்றைப் பசு வைத்துப் பால் ஊற்றிப் பிழைக்கிறவர். விடியற்காலையில் பிறந்த கன்றைத் தோளில் போட்டு வந்தார். கிடேரி, பெண் கன்று. அவர் வீட்டுக்கு அது எவ்வளவு பெரிய சொத்து என்று எல்லாருக்கும் தெரியும். கன்றின் மூக்கில் முத்தம் கொடுத்துவிட்டு, "மூக்குக் குத்த மாட்டீகளே?" என்று கேட்டார்.

மாமா நெஞ்சில் கை வைத்தார். "குத்த மாட்டோம், பூட்ட மாட்டோம், விக்க மாட்டோம்."

வாய்க்கால் தாண்டிக் கேட்டிருக்கும்.

நான் வேலியைத் தாண்டி உள்ளே போனேன். பாவாடை முள்ளில் கிழிந்தது. அந்த வெள்ளை மாட்டிடம் போய் வலது காதுப் பக்கத்து நுனியை அவிழ்த்து இழுத்தேன். தையல் சரசரவென்று பிரிந்து பட்டை கீழே விழுந்தது. மாடு தானாகத் தலையைத் தாழ்த்தியது.

"மாமா, இதுக்கு மூக்குக் குத்துனது யாரு?"

என் குரலும் அவர் குரலைப் போலத்தான் என்று அப்போதுதான் தெரிந்தது.

மாமா சிரித்தார். "பாப்பா, வெளிய வா. மாடு முட்டிரும்."

"சாமி மாட்டுக்கு எப்படி மாமா ஓட்டை வந்துச்சு? பிடரியில எப்படி நுகத்தடித் தழும்பு வந்துச்சு?"

"ஏதோ ஒண்ணு கலந்து வந்திருக்கும். சின்னப்பிள்ளை பேச்சைக் கேட்டுக்கிட்டு..." என்று அவர் தலைவரைப் பார்த்துச் சொல்லும்போது பக்கத்தில் இன்னொரு பட்டை விழுந்தது. நான் அவிழ்க்கவில்லை. அம்மா நின்றுகொண்டிருந்தாள். அடுத்த மாட்டுக்குப் போய் நுனியை இழுத்தாள். அடுத்ததற்குப் போனாள். முகத்தில் ஒன்றுமே இல்லை, உலர்ந்த துணியை எடுக்கிறவள் போல.

பிறகு ஆட்கள் வேலிக்குள் குதித்தார்கள். ஓட்டை, ஓட்டை, ஓட்டை. தலைவர் காமாட்சிநாதன் நாற்காலியை விட்டு எழுந்து வந்து தன் கண்ணாடியைத் துடைத்துவிட்டு ஒரு மூக்கைக் குனிந்து பார்த்தார்.

மாமா புது ஆளின் சட்டையைப் பிடித்தார். "நம்பி விட்டேனேடா! என்னடா பண்ணி வச்சிருக்க?"

"யோவ், நல்லா இருக்கே! லாரியைக் கொண்டாந்தது நீ, சாமி மாட்டை ஏத்தச் சொன்னது நீ, அடிமாட்டை எறக்கச் சொன்னதும் நீ. அடி மட்டும் எனக்கா?"

காமாயி அக்கா கன்றை மறுபடி தோளில் தூக்கிக்கொண்டார்.

அப்போது ஒச்சப்பன் கூப்பிட்டார். யாரும் கூப்பிடச் சொல்லவில்லை. "ஏய்... வா, வா, வா..." இழுத்த குரல். இத்தனை கூச்சலுக்கு நடுவில் வரிசையில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில தலைகள் உயர்ந்தன. அந்தச் செவலைப் பசு கத்தியது. ஒருவர் போய்ப் பட்டையைத் தூக்கிப் பார்த்தார். மூக்கு முழுசாக இருந்தது. தலை தூக்கிய எல்லாவற்றுக்கும் முழுசாக இருந்தது.

ஒச்சப்பனை யாரும் விழச் சொல்லவில்லை. டீக்கடையில் சிரித்த ஒருவர் வண்டியிலிருந்த பாத்திர மூட்டையை இறக்கினார்.

மாமா என்னைக் கடந்து போகும்போது நின்றார். மெதுவாகத்தான் கேட்டார், எனக்கு மட்டும் கேட்கும்படி. "அந்த டிக்சனரி யாரு வாங்கிக் குடுத்தது பாப்பா?"



ஜனவரி 16

அம்மா இரண்டு ஆளுக்குச் சோறு வடிக்காமல் பழக்கத்தில் மூன்று ஆளுக்கு வடித்துவிட்டாள். மீந்ததில் தண்ணீர் ஊற்றினாள்.

ஜனவரி 18

மாமாவின் மோட்டார் சைக்கிளையும் தோட்டத்தையும் விற்று மாடுகளை மீட்க முடிந்தவரை மீட்பது என்று கமிட்டி முடிவு செய்திருக்கிறது. சிலது மீட்க முடியாத இடத்துக்குப் போய்விட்டதாம். எங்கே என்று ஒருவரும் சொல்லவில்லை, கேட்கவும் இல்லை. வந்து சேர்ந்த அடிமாடுகளையும் விற்கக் கூடாது என்று ஒச்சப்பன் சொல்லிவிட்டார். "ஒரு தடவ தொழுவத்துக்குள்ள வந்துட்டா அதுவும் சாமி மாடுதான்."

அம்மா கூலிக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுக்க ஊர்ப் பெண்களிடம் துணி வாங்க ஆரம்பித்திருக்கிறாள். தெருவில் இரண்டு பேர் எங்களோடு பேசுவதில்லை. அவர்கள் மாமாவுக்கு வேண்டியவர்கள். பேசாததை நாங்கள் பொறுத்துக்கொள்வோம்.

எனக்கு மாமாவைப் பிடிக்கும். இதுவும் நடந்ததுதான்.

ஜனவரி 20

அகராதியைப் பையில் வைத்துத் தூக்கிக்கொண்டு பள்ளிக்குப் போனேன். கனமாகத்தான் இருந்தது. மதிய இடைவேளையில் நூலகத்தில் கொடுத்தேன். ஜெசிந்தா டீச்சர் புரட்டிப் பார்த்து, "இது உன் சொத்தாச்சே. ஏன் குடுக்குற?" என்றார்.

"என் சொத்து இல்ல டீச்சர்."

முத்திரை குத்தி, பேனாவைத் திறந்தார். "அன்பளிப்பு, யாருன்னு போட? உன் பேரா, மாமா பேரா?"

"தொழுவத்து மாடுகள்னு போடுங்க டீச்சர்."

டீச்சர் நல்ல கையெழுத்தில் அப்படியே எழுதினார்.

மை காய்ந்ததும், கூட வந்திருந்த பேச்சி அகராதியை மேஜைக்கு இழுத்தாள். "தள்ளுடி. நான் இன்னும் 'கேண்டிடேட்' பாக்கல."

தள்ளி உட்கார்ந்தேன். ஒரே புத்தகத்தை இருவரும் பார்ப்பதென்றால் தலைகள் முட்டத்தான் செய்யும்.